டேங்குக்கு எத்தனை மில்லி?

செஞ்சி, அனந்தபுரம், பனமலை, விக்கிரவாண்டி சுற்றுவட்டாரத்தில் உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்காரர்களுக்கு,



பனமலை ஏரிப் பாசனத்தில் நெல் நடும் விவசாயி, பயிரில் ஏதோ கோளாறு என்றதும் முதலில் வந்து நிற்பது உங்கள் கல்லாவுக்கு எதிரில்தான். வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு அப்புறம் போவார். பல சமயம் போகவே மாட்டார். அங்குள்ள அலுவலர் பல ஊர்களைப் பார்த்தாக வேண்டியவர். நீங்களோ விடிந்ததும் ஷட்டரைத் தூக்கிவிடுகிறீர்கள். கையில் காசில்லாதவருக்கும் அறுப்பு வரைக்கும் கடன் தருகிறீர்கள். இந்த வட்டாரத்தின் பயிர் வைத்தியர் நீங்கள்தான். யாரும் அந்தப் பொறுப்பை உங்களிடம் கேட்டுக் கொடுக்கவில்லை. தானாக வந்து சேர்ந்துவிட்டது. அதனால்தான் அமைச்சருக்கும் கம்பெனிக்கும் போக வேண்டிய மடல் என்று சிலர் நினைக்கக்கூடிய இது, உங்கள் பெயருக்கு வருகிறது.

உங்கள் கடையில் தினமும் நடப்பதுதான். ஒருவர் கேரி பேக்கில் ஒரு குத்து நெற்பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு வருகிறார். மேசையில் வைக்கும்போது மண் உதிர்கிறது. "அண்ணே, பயிரு வட்ட வட்டமா கருகுதுண்ணே." கடைப்பையன் குத்தைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அலமாரியிலிருந்து மூன்று பாட்டில் இறங்குகிறது: பூச்சிக்கு ஒன்று, பூசணத்துக்கு ஒன்று, கூடவே ஒரு டானிக். "மூணையும் ஒண்ணாக் கலந்து அடிச்சிடு." "டேங்குக்கு எம்மாண்ணே ஊத்தறது?" "ரெண்டு மூடி ஊத்து." ரசீது இல்லை. கணக்கு நோட்டில் ஒரு வரி ஏறுகிறது. அடுத்த ஆள்.

எல்லாக் கடையும் இப்படி என்றால் அது பொய். குத்தைப் பிரித்துப் பார்த்து, "ஒண்ணும் அடிக்க வேணாம், தண்ணிய வடிச்சுட்டு நாலு நாள் கழிச்சு வா" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உங்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடையில் அன்றைய விற்பனை ஒரு பாட்டில் குறைகிறது, அடுத்த கடையில் மூன்று பாட்டில் கூடுகிறது. இந்த மடலின் மொத்தச் சிக்கலும் அந்த ஒரு கணக்கில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருவோம்.

முதலில் அந்தக் கருகிய பயிர். வட்ட வட்டமாகக் கருகினால் அது பெரும்பாலும் புகையான் பூச்சி என்று உங்களுக்கே தெரியும். அது உட்கார்ந்திருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தண்டின் அடியில். முட்டையை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மேலாக அடிக்கும் மருந்து இலையை நனைத்துவிட்டுப் போகும். அடித்தண்டுக்கும் முட்டைக்கும் எட்டாது. ஆனால் கழனியில் ஓடித் திரியும் சிலந்திக்கும், புகையானின் முட்டையைத் தேடித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும் நன்றாகவே எட்டும். காவல் போன கழனியில் முட்டை பொரித்து வெளிவரும் புகையான் முன்னைவிடப் பல மடங்கு பெருகுகிறது. சைபர்மெத்ரின் வகைச் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகளையும் குயினால்பாஸையும் புகையான் இருக்கும் வயலில் தவிர்க்கச் சொல்லித் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்ப் பாதுகாப்புப் பரிந்துரையிலேயே எழுதி வைத்திருக்கிறது. காரணம் இதுதான். எத்தனை பூச்சி இருந்தால் மருந்து என்பதற்கும் அதில் அளவு உண்டு: சிம்புக்கு ஒரு பூச்சி; குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். இதைக் கணக்கிட ஐந்து நிமிடம் குனிந்து பார்க்க வேண்டும். மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

இலைச் சுருட்டுப் புழுவுக்கென்று நடவு செய்த இருபதாம் நாளே பைரித்ராய்டு விற்கப்படுகிறது. அதே வயலில் பிறகு புகையான் வருகிறது, அதற்கு இன்னொரு மருந்து விற்கப்படுகிறது. இரண்டாவது விற்பனைக்கு வழி செய்தது முதல் விற்பனை என்று விவசாயிக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இது நம்மூர் ஊகமல்ல. ஒரு நாடே இதில் அடிபட்டுத் தேறியிருக்கிறது. இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்து நெல்லுக்கு மருந்து அடிக்க வைத்தது. ஜாவாத் தீவில் புகையான் மீண்டும் மீண்டும் வயல்களை எரித்தது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லில் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் மானியமும் போனது. விளைச்சல் விழும் என்று பயமுறுத்தியவர்கள் நிறைய. மருந்துச் செலவுதான் விழுந்தது. நெல் உற்பத்தி ஏறியது. அரசாங்கம் செய்த இன்னொரு காரியம், விவசாயிகளை வயல்வெளியிலேயே கூட்டி வாரம் ஒருமுறை பூச்சியை எண்ணக் கற்றுக்கொடுத்தது. இன்று நம் வேளாண் துறை நடத்தும் உழவர் வயல்வெளிப் பள்ளிக்கு மூலம் அதுதான்.

வியட்நாமில் செய்தது இன்னும் எளிது. 1994ல் மீகாங் படுகையின் லாங் ஆன் மாகாணத்தில், விதைத்ததிலிருந்து முதல் 40 நாள் பூச்சிமருந்து அடிக்காதீர்கள் என்று ஒரு பிரச்சாரம் தொடங்கினார்கள். நம்ப வேண்டாம், வயலில் ஒரு மூலையை மட்டும் அடிக்காமல் விட்டு நீங்களே பாருங்கள் என்றார்கள். இளம் பயிரில் இலை கொஞ்சம் போனாலும் நெல் அதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும் என்பதை விவசாயிகள் கண்ணால் கண்டார்கள். தெளிப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தாய்லாந்திலோ 2009லிருந்து புகையான் பெரும் சேதம் செய்ய, 2011ல் அபாமெக்டினையும் சைபர்மெத்ரினையும் நெல்லில் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டின் நெல் துறை இயக்கமே நடத்த வேண்டியதாயிற்று. அந்த இரண்டும் உங்கள் அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

உங்கள் பக்கத்து நியாயமும் பேசப்பட வேண்டும். கம்பெனிக்காரர் சீசன் தொடக்கத்திலேயே சரக்கை இறக்கிவிட்டு டார்கெட் வைக்கிறார். முடித்தால் தங்கக் காசு, வெளிநாட்டுச் சுற்றுலா. முடிக்காவிட்டால் சரக்கு உங்கள் தலையில். கடன் கொடுத்தது மழை பொய்த்தால் திரும்பாது. மாதிரி எடுத்துப் போய்த் தரம் சரியில்லை என்று முடிவு வந்தால், பாட்டிலைத் திறக்காமலே விற்றவரும் அலைய வேண்டியிருக்கிறது. விவசாயியும் சும்மா விடுவதில்லை. பக்கத்துக் கழனியில் பவர் ஸ்பிரேயர் சத்தம் கேட்டாலே, "நமக்கும் ஏதாச்சும் குடுண்ணே" என்று வந்து நிற்கிறார். வெறுங்கையோடு அனுப்பினால் அவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை போகிறது. இதெல்லாம் உண்மை. யூரியா மூட்டை கேட்டு வந்தவரிடம் கேட்காத டானிக்கைச் சேர்த்துத் தள்ளுவதற்கு மட்டும் இதில் எந்தச் சமாதானமும் பொருந்தாது.

அடிப்பவர் யார் என்பதையும் யோசியுங்கள். பெரும்பாலும் கழனிக்குச் சொந்தக்காரர் அல்ல, டேங்குக்கு இவ்வளவு என்று கூலி பேசி வருகிறவர். முகத்தில் ஒரு துண்டு, காலில் ஒன்றுமில்லை. 2017ல் மராட்டிய மாநிலம் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆளுயரம் வளர்ந்த பருத்திக்குள் நின்று, பல மருந்துகளைக் கலந்து அடித்த விவகாரம் அது. நம் ஊரில் தெளிப்பவர் மயங்கி விழுந்தால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குத்தான் தூக்கி ஓடுவார்கள். அங்கே மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, என்ன மருந்து என்பது. ஆர்கனோபாஸ்பேட் வகைக்கு அட்ரோபின் உண்டு. பாராகுவாட்டுக்கு முறிவு மருந்தே கிடையாது. "நீலக் கலர் பாட்டிலுங்க" என்று பதில் வந்தால் அவர் என்ன செய்வார்? நீங்கள் கொடுக்காத ரசீதில் அந்தப் பதில் இருந்திருக்கும்.

பாட்டிலில் இருக்கும் நிற முக்கோணத்தை இன்னும் எத்தனை பேருக்கு நீங்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்? சிவப்பு கொடிய நஞ்சு, அடுத்து மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. படிக்கத் தெரியாதவருக்காகவே வைத்த அடையாளம். சிவப்பு முக்கோணத்தில் வந்த மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005லேயே தடை வந்தது. அதற்குப் பிறகும் கத்தரிக்கும் வெண்டைக்கும் அது போய்க்கொண்டிருந்ததை நீங்கள் அறிவீர்கள். 2013 ஜூலையில் பீகாரின் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் 23 பிள்ளைகள் மதிய உணவு தின்று இறந்தார்கள்; சமைத்த எண்ணெயில் இருந்தது அதே மருந்து. 2022–23ல் தமிழக அரசு தற்கொலைகளைக் குறைக்க ஆறு மருந்துகளின் விற்பனையை 60 நாள் நிறுத்தியபோது முதல் வரிசையில் இருந்தது அதுவே. 2023ல் ஒன்றிய அரசும் அதற்கு முடிவு கட்டியது. ஃபோரேட் குருணை 2020 கடைசியோடு போயிற்று. 'பழைய ஸ்டாக்' என்று எங்காவது உள் அறையில் ஒரு பெட்டி மிச்சமிருந்தால் அதை விற்றுத் தீர்க்க நினைக்காதீர்கள்.

எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிறுத்து என்று இந்த மடல் கேட்கவில்லை. பக்கத்து நாடு அதையும் செய்து காட்டிவிட்டது. இலங்கையில் 2021ல் அதிபர் கோத்தபய ராஜபக்ச ரசாயன உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் திடீரென்று கதவை அடைத்தார். மாற்றுக்கு ஏற்பாடு இல்லை, விவசாயிகளுக்குப் பயிற்சி இல்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன. ஏழு மாதத்துக்குள் நவம்பரில் தடையைத் தளர்த்த வேண்டி வந்தது. இயற்கை வேளாண்மைக்கே அதனால் கெட்ட பெயர் வந்ததுதான் மிச்சம். அதே இலங்கை 1995லிருந்து கொடிய நஞ்சுகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தடை செய்தது: மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ், பிறகு எண்டோசல்பான். இருபது ஆண்டில் அங்கே தற்கொலை விகிதம் சுமார் 70 விழுக்காடு குறைந்தது, நெல் விளைச்சல் குறையவில்லை. ஆய்ந்து ஒதுக்கியது பலித்தது, அவசரமாக அடைத்தது பலிக்கவில்லை.

மருந்து இல்லாமல் வேறு என்ன வழி என்பீர்கள். 2008ல் கோவைப் பக்கம் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கும். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எதையும் விடவில்லை. மெழுகுப் பூச்சுக்குள் இருந்த அந்தப் பூச்சிக்கு அப்போது விற்றுத் தீர்ந்த மருந்து கொஞ்சமல்ல. அடித்த கை ஓய்ந்ததே தவிரப் பூச்சி ஓயவில்லை. 2010ல் போர்ட்டோ ரீகோவிலிருந்து அசெரோபேகஸ் என்ற குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத அது சில மாதங்களில் வேலையை முடித்தது. மறுபடி 2020 வாக்கில் மரவள்ளிக்கே உரிய வேறொரு மாவுப்பூச்சி வந்தது. இந்த முறை ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வேறொரு குளவி வந்து, 2022ல் சேலம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வயல்களுக்குப் போனது. இரண்டு தடவையும் தீர்வு பாட்டிலில் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த பூச்சிக்கு அதன் எதிரியையும் கூட்டி வருவது எடுபடும்; புகையான் போன்ற உள்ளூர்ப் பூச்சிக்கு இருக்கிற எதிரியைக் கொல்லாமல் விட்டாலே பாதி வேலை.

இனி மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வருவோம். செஞ்சி வட்டாரத்தைப் பற்றிப் பேசிவிட்டு மல்லாட்டையைத் தொடாமல் போக முடியாது. மானாவாரி மல்லாட்டையில் சிவப்புக் கம்பளிப்புழு வந்தால் கொல்லை கொல்லையாக மேய்ந்துகொண்டு நகரும். உடம்பெல்லாம் மயிர் மண்டிய பெரிய புழுவுக்கு மருந்து ஏறுவதில்லை. ஏறுவது உங்கள் நோட்டில் கடன்தான். இதன் கூட்டுப்புழு பத்து மாதம் போல வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் கிடக்கிறது. நல்ல மழை ஒன்று பெய்ததும் அடுத்த சில இரவுகளில் அந்துப்பூச்சிகள் மொத்தமாக வெளியேறுகின்றன. அந்த இரவுகளில் ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை விளக்குப்பொறி வைத்தாலோ தீ மூட்டினாலோ ஆயிரக்கணக்கில் வந்து விழும். கோடை உழவில் கூட்டுப்புழு மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் இரையாகும். முட்டைக் குவியலைப் பொறுக்கலாம், இளம் புழு கூட்டமாக இருக்கும்போதே இலையோடு கிள்ளி எடுக்கலாம். இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஊர் முழுக்க ஒரே இரவில் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கொல்லைப் புழு இந்தக் கொல்லைக்கு நடந்து வரும்.

உங்கள் தொழிலிலும் நிலைமை அதேதான். ஒரு கடை மட்டும் "வேணாம்" என்று சொன்னால் வாடிக்கை அடுத்த கடைக்கு நடந்து போகிறது. ஆகவே இந்தக் கோரிக்கை தனித்தனியாக உங்கள் மனசாட்சிக்கு வைக்கப்படவில்லை. உங்கள் எல்லோருக்கும் சேர்த்து, ஒரு சங்கமாக உங்களுக்கு வைக்கப்படுகிறது. சரக்கு விலையில் போட்டி போட்டு நஷ்டப்படாமல் இருக்க உங்களால் கூடிப் பேச முடிகிறது. இதையும் பேசலாம்.

பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஊர் இருக்கிறது. தெலங்கானாவின் கம்மம் பகுதியில் புனுகுலா. பருத்திக்கு மருந்து அடித்தே கடனாளியான ஊர். மருந்து வியாபாரியே கடன் கொடுப்பவர், அவரே விளைச்சலை வாங்குபவர். பெண்கள் சங்கங்கள் முன்னின்று வேப்பங்கொட்டைச் சாறு, பொறிப்பயிர், இனக்கவர்ச்சிப் பொறி என்று மாறின. 2004 வாக்கில் ஊராட்சியே பூச்சிமருந்து இல்லாத கிராமம் என்று அறிவித்துவிட்டது. அந்த மாற்றத்தில் கடைக்காரர்களுக்கு ஓர் இடம் இருந்திருக்கலாம். அவர்கள் எதிர்ப்பக்கம் நின்றதால் ஊர் அவர்களை விட்டுவிட்டு நடந்தது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் தமிழ்நாடு முழுக்க நடந்து விதைத்துவிட்டுப் போன பேச்சு செஞ்சிப் பக்கமும் முளைத்திருக்கிறது. 2023ல் தமிழக அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையே வெளியிட்டுவிட்டது. உங்கள் பிள்ளைகள் அதே ஷட்டரைத் தூக்கப் போகிறார்கள் என்றால், எதை விற்று என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

வரும் சம்பாவுக்கு முன்னால் ஒரு நாள் கூடுங்கள். நடவு செய்து 40 நாள் ஆகாத நெல்லுக்குக் குத்தைப் பிரித்துப் பார்க்காமல் எந்தக் கடையும் பூச்சிமருந்து தராது என்று ஒரு முடிவு எடுங்கள். புகையான் காலத்தில் பைரித்ராய்டை எடுத்து உள்ளே வையுங்கள். கருகுது என்று வருகிறவரிடம் யூரியா எவ்வளவு போட்டார், தண்ணீர் கட்டியே கிடக்கிறதா, எட்டடிக்கு ஓரடி இடைவெளி விட்டு நட்டாரா, சிலந்தி கண்ணில் பட்டதா என்று கேளுங்கள், பாட்டில் அதற்கப்புறம். பூச்சிக்கும் நோய்க்கும் சேர்த்துக் கலவை கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். சந்தேகமென்றால் கிசான் கால் சென்டர் 1800-180-1551 இருக்கிறது, கடைச் சுவரில் பெரிதாக எழுதிப் போடுங்கள். ரசீதில் மருந்தின் பிராண்டு பெயரோடு ரசாயனப் பெயர், பயிர், டேங்குக்கு எத்தனை மில்லி, அடித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம், எல்லாம் இருக்கட்டும். கத்தரிக்குக் காலையில் அடித்துச் சாயங்காலம் பறித்துச் செஞ்சிச் சந்தைக்கு வருகிற காயை நீங்களும்தான் வாங்கித் தின்கிறீர்கள்.

முன் தட்டில் டிரைக்கோடெர்மா விரிடி, சூடோமோனாஸ், இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி வரட்டும். மல்லாட்டை விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, நெல் விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ். இதைச் சொல்லி விற்க ஒரு நிமிடம் போதும். இந்த உயிர் மருந்துகள் வெயில் தாங்காது, சில மாதத்தில் காலாவதியாகிவிடும் என்ற உங்கள் குறை நியாயமானது. அதற்காகத்தான் ஒவ்வொரு கடையும் தனியாக வாங்காமல் சேர்ந்து, தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கச் சொல்வது. கரும்பின் இடைக்கணுப் புழுவுக்கான டிரைக்கோகிரம்மா முட்டை அட்டையைக் கடையில் வைத்திருக்க முடியாது. முன்பதிவு வாங்கி வரவழைத்துக் கொடுக்க முடியும்.

ஹைதராபாத் மேனேஜ் நிறுவனம் 2003ல் தொடங்கிய, வாரம் ஒரு நாள் வகுப்பாக ஓராண்டு நடக்கும் இடுபொருள் விற்பனையாளர் பட்டயப் படிப்பை முடித்துச் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பவர்கள் உங்களில் உண்டு. அவர்கள் இந்தக் கூட்டத்துக்கு முன்னின்று அழைக்கட்டும். மல்லாட்டை ரகங்களுக்குப் பேர் வாங்கிய திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஒரு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது; கம்பளிப்புழுவுக்கு விளக்குப்பொறி வைக்கும் நாளைக் குறித்துச் சொல்ல அங்கிருந்து ஓர் ஆளை அழையுங்கள். பனமலை ஏரி மதகுக்குக் கீழே உள்ள கழனிகளில், சம்மதிக்கிற பத்துப் பேரிடம் ஆளுக்குப் பத்து சென்ட் மட்டும் முதல் 40 நாள் மருந்தில்லாமல் விடச் சொல்லுங்கள். அறுப்பன்று அந்த மூலையையும் மீதியையும் தனித்தனியாகத் தூற்றி எடை போட்டு, இரண்டு எண்ணையும் உங்கள் கடை வாசலில் எழுதிப் போடுங்கள். எந்தப் பக்கம் கூடினாலும் சரி.